கைக்கு எட்டிய கல்வி

பாடப் புத்தகத்தைத் தொடாமலே இன்ஜினைப் படித்தவர்கள் சிவாஜிநகர் மெக்கானிக்குகள். ஐம்பது வயதில் அவர்கள் திரும்பவும் மாணவர்களாக வேண்டியிருக்கிறது. பிரச்னை வயது அல்ல.

பழைய ஆர்எக்ஸ்100 பைக் ஒன்று சந்தின் ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் திக்கித் திக்கி. மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர் நுனி கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவில் இருக்கிறது. கண் மட்டும் அங்கே இல்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்கிறார். கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே. ஒரு கட்டத்தில் திக்கல் நின்று இன்ஜின் சீராக ஓடத் தொடங்குகிறது. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கிறார். நுனி சாக்லேட் நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

பெங்களூர் சிவாஜிநகரில் இது தினசரிக் காட்சி. 1809-ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தின் பின்னால் வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்களும், தக்கணி உருது பேசும் முஸ்லிம்களும் சேர்ந்து வளர்த்த பேட்டை இது. முன்பு பிளாக்பள்ளி என்று பெயர். 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறியும் இறைச்சியும் பூவும் கிடைக்கும். அதைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தால் பழைய வண்டிகளை அக்கக்காகப் பிரித்து விற்கும் குஜரிக் கடைகளும் ஒர்க் ஷாப்புகளும். கியர் பாக்ஸ், ரேடியேட்டர், கதவு, ஹெட்லைட் என்று கார் ஒன்றின் உடற்கூறு முழுவதும் தரையில் பரப்பிக் கிடக்கும். எந்தப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்திலும் இத்தனை வகை இன்ஜின்களை ஒரே இடத்தில் திறந்த நிலையில் பார்ப்பது கடினம்.

இங்கே ஆசிரியருக்கு உஸ்தாத் என்று பெயர். தமிழ்ப் பையன்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சீடன் ஷாகிர்த். பாடத்திட்டம் எழுதி வைக்கப்பட்டதில்லை. ஆனால் அதன் வரிசை துல்லியமானது. புதிதாக வந்தவனுக்கு முதல் வேலை, கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவது. பார்ப்பதற்கு எடுபிடி வேலை. உண்மையில் அதுதான் முதல் பாடம். நூறு முறை கழுவியவனுக்கு எந்த வால்வு எந்தப் பக்கம், எந்த வாஷர் எதன் கீழே, தேய்ந்த பிஸ்டன் ரிங் விரலுக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடுத்தது ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது. "பத்து-பதினொண்ணு" என்று உஸ்தாத் கேட்பதற்கு முன்பே அந்த ஸ்பானர் அவர் கைக்குப் போய்விட்டால், வேலையின் அடுத்த படி பையனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். இதைவிட நம்பகமான தேர்வு எந்தப் போர்டிலும் இல்லை. அதற்குப் பிறகு டயர், பிரேக், கிளட்ச். இன்ஜினைத் தொட வருடங்கள் ஆகும்.

முதலில் காஜா, கடைசியில் கத்தரி

இந்த வரிசைக்கு ஒரு தர்க்கம் உண்டு. அது இன்னும் தெளிவாகத் தெரிவது இதே பேட்டையின் தையல் கடைகளில். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைக்குப் புதிதாக வருபவன் காஜா எடுக்கிறான், பட்டன் வைக்கிறான், ஹெம்மிங் செய்கிறான். பிறகுதான் மெஷின். கடைசியில் என்றாவது ஒருநாள் கத்தரிக்கோல் கைக்கு வரும். கட்டிங் மாஸ்டர் ஆவான். சட்டை உருவாகும் வரிசைக்கு இது நேர் எதிர். துணி முதலில் வெட்டப்படுகிறது, காஜா கடைசியில்தான் வருகிறது. கற்பவனோ கடைசியிலிருந்து தொடங்குகிறான்.

அமெரிக்க மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல்காரர்களோடு இருந்து ஆராய்ந்தபோது கண்டதும் அச்சு அசலாக இதே வரிசைதான். காரணம் எளிது. தப்பாகத் தைத்த பட்டனைப் பிரித்துவிடலாம். தப்பாக வெட்டிய துணியை ஒட்ட முடியாது. தவறின் விலை குறைவாக உள்ள இடத்தில் கற்பவனை நிறுத்துகிறார்கள். அங்கிருந்தபடியே முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்பதை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறான். லேவும் எட்டியன் வெங்கரும் 1991-ல் எழுதிய நூல் இதை ஒரு கல்விக் கோட்பாடாகவே ஆக்கியது. காஜா பையன்களுக்கு அந்தக் கோட்பாடு முன்பே தெரியும், பெயர்தான் தெரியாது.

இன்னொரு விஷயம், பொருள் பதில் சொல்கிறது. வாத்தியார் மார்க் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூவைத் தப்பாகத் திருப்பினால் இன்ஜின் உடனே நின்றுவிடும். அது ஆளைப் பார்த்துத் தயவு காட்டுவதும் இல்லை, அவமானப்படுத்துவதும் இல்லை.

தமிழர்களுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) ஆரம்பப் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் ஓட்டித் திரியவில்லை, அக்கக்காகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். பிற்காலத்தில் மோட்டார், ரேசர் என்று அவர் தொட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பிரித்துப் பார்த்த பைக்தான் பள்ளிக்கூடம். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார், அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

செய்து கற்பவர்கள் கேட்டுக் கற்பவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு இப்போது ஆதாரம் குவிந்து கிடக்கிறது. 2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோல்வியடைந்திருந்தார்கள். விவாதம், கணக்குப் போடுதல், சோதனை என்று மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம்.

ஹார்வர்டில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. இயற்பியல் மாணவர்களில் ஒரு பிரிவினர் அருமையான விரிவுரை கேட்டார்கள். மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்குகளோடு மல்லாடினார்கள். தேர்வில் மல்லாடியவர்களே முந்தினார்கள். ஆனால் 'நிறையக் கற்றோம்' என்று நினைத்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள்! நல்ல பேச்சைக் கேட்டால் புரிந்தது போலவே இருக்கும். தானே செய்யும்போதுதான் புரியாதது எது என்று தெரிகிறது. மண்ணிலும் அட்டையிலும் விளையாடிவிட்டு வரும் குழந்தையைப் பார்த்து "ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல" என்று பெற்றோர் அலுத்துக்கொள்வதன் ரகசியமும் இதுவாக இருக்கலாம்.

அந்த அலுப்பைத் தமிழ்நாடு நேரில் பார்த்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் முறையை அடிப்படையாக வைத்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் ஏணிப்படி போல ஏறியது. 2007-ல் இது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாராட்டும் கிடைத்தது, 'வீட்டுப் பாடமே இல்லையே' என்ற புகாரும் எழுந்தது.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு

கைத்தொழில் வழிக் கல்வி என்றாலே தமிழர்கள் புருவம் உயர்த்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, அதை அலட்சியப்படுத்த முடியாது. காந்தி 1937-ல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் நடுநாயகம். ராட்டை சுற்றுவது மட்டும் போதாது, ஒவ்வொரு செயலும் ஏன் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் 1953-ல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றானபோது மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைப்பதைச் 'செய்முறைக் கல்வி' என்று அழைப்பதில் இருந்த சூழ்ச்சி எல்லோருக்கும் புரிந்தது.

சிவாஜிநகரின் உஸ்தாத் முறையும் புனிதமானது அல்ல. இன்று ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக்குகளில் பலர் ஸ்பானரைப் பிடித்தது பள்ளியில் இருக்க வேண்டிய வயதில். கற்றுத் தருகிறோம் என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும், அடியும் திட்டும் சகஜம். 14 வயதுக்குட்பட்டவர்களைக் கடைகளில் வேலைக்கு வைப்பதை 2016-ன் சட்டத் திருத்தம் தடை செய்தது நியாயமானதே. சிறுவனைக் கடையிலிருந்து பள்ளிக்கு அனுப்பியாயிற்று. கடையில் இருந்த கற்கும் முறை மட்டும் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ம் வகுப்பு வரையான மாணவர்கள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பழகலாம் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் என்று உதாரணங்களும் தருகிறது. மெக்கானிக்கை யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

இன்ஜின் வாயை மூடிக்கொண்டது

இப்போது உஸ்தாத்களுக்கே சோதனைக் காலம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்தன. கார்களில் முன்பே வழக்கொழிந்திருந்த கார்புரேட்டர், புதிய பைக், ஸ்கூட்டர்களிலிருந்தும் பெரும்பாலும் மறைந்தது. எத்தனை பெட்ரோல், எத்தனை காற்று என்பதை இனிச் சென்சார்களும் இசியு எனப்படும் மின்னணுப் பெட்டியும் தீர்மானிக்கும். திருப்புவதற்கு ஸ்க்ரூ இல்லை. கோளாறு வந்தால் வண்டி திக்காது; டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எதற்காக எரிகிறது என்பதை ஸ்கேனர் கருவியை மாட்டித்தான் கேட்க வேண்டும், அது ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும்.

எலெக்ட்ரிக் வண்டி இன்னொரு படி மேலே. பெங்களூரில் 2018-லேயே ஏதர் ஸ்கூட்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் பிளக்கும் இல்லை, பிஸ்டனும் இல்லை, சத்தமும் இல்லை. எலெக்ட்ரிக் கார் பேட்டரியில் பல நூறு வோல்ட் இருக்கும். 'கழற்றிப் பார்' என்ற பழைய தாரக மந்திரம் அங்கே உயிருக்கே ஆபத்து. தவறின் விலை மலிவு என்ற அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

1996-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்எக்ஸ்100-க்கும் அதே வருடம் மைசூரில் நின்றுபோன யெஸ்டிக்கும் பெங்களூரில் இன்னும் ரசிகர்கள் இருப்பதால் பழைய கைகளுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. ரசிகர்களை நம்பி ஒரு பேட்டையே பிழைக்க முடியாது. மெக்கானிக்குகள் புதிதாகக் கற்றே ஆக வேண்டும். ஐம்பது வயதில் முடியுமா?

முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரம் பெண்கள், கேலியைப் பொருட்படுத்தாமல், விழுந்து எழுந்து ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளே மேல் என்றார்கள், முன்பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. யாரும் அவர்களுக்குச் சைக்கிள் பற்றி வகுப்பெடுக்கவில்லை. சைக்கிளைக் கையில் கொடுத்தார்கள்.

மூளை ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஜெர்மன் விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக அறுபது வயதானவர்களுக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தை சொல்லித் தரப்பட்டது. இளைஞர்களைவிடக் குறைவானவர்களே தேறினார்கள். ஆனால் தேறியவர்களின் மூளையில் இளைஞர்களுடையதைப் போலவே மாற்றம் தெரிந்தது. அமெரிக்காவில் டெனிஸ் பார்க் குழுவினர் 60-லிருந்து 90 வயது வரையானவர்களை மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரி 15 மணி நேரம், துணி ஒட்டுத் தையலும் டிஜிட்டல் போட்டோகிராபியும் கற்க வைத்தார்கள். கூடி அரட்டையடித்தவர்களைவிட, புதிய வித்தையோடு போராடியவர்களின் ஞாபகசக்தி மேம்பட்டிருந்தது.

கதவு எந்த உயரத்தில்?

ஆக, தடையாக இருப்பது வயதல்ல, வாசல். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். சேருவதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு ஸ்பானர் பிடித்தவருக்கு அந்த வாசலே இல்லை. கடையை இரண்டு வருடம் பூட்டவும் முடியாது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி, தினம் ரூ.500 உதவித்தொகை, கருவிகளுக்கு ரூ.15,000 எல்லாம் உண்டு. அதன் 18 தொழில்களில் தையல் இருக்கிறது, மோட்டார் மெக்கானிக் இல்லை. ஒரே சந்தில் கட்டிங் மாஸ்டர் விண்ணப்பிக்கலாம், எதிர்க்கடை உஸ்தாத் முடியாது. பரம்பரைத் தொழிலை வலியுறுத்துகிறது என்று ஆட்சேபித்த தமிழ்நாடு அரசு, 2025-ல் தனியாகக் கைவினைத் திட்டம் தொடங்கி, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியது. பள்ளி வயதைத் தாண்டாதவர்களைக் குலத்தொழிலில் தள்ளக் கூடாது என்பது வாதம். எல்லை தாண்டிய பெங்களூர்த் தமிழனுக்கு அது பயன்படாது.

ஏற்கெனவே தெரிந்த திறமைக்குச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் 2015 முதல் இருக்கிறது. சில மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, பிறகு காகிதம். கார்புரேட்டர் தெரிந்தவருக்குக் கார்புரேட்டர் தெரியும் என்று எழுதிக் கொடுப்பதால் புதிய பைக் ஓடாது. வேண்டியிருப்பது ஒர்க் ஷாப்புக்கு அருகிலேயே ஒரு கூடம். அங்கே நிஜமான இன்ஜெக்ஷன் வண்டிகளும், மின்சாரம் நீக்கப்பட்ட பேட்டரிகளும், கெட்டுப்போனாலும் யாரும் திட்டாத சென்சார்களும் இருக்க வேண்டும். காஜா எடுப்பது போல, எலெக்ட்ரிக் வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன், ஒயரிங்கில் தொடங்கி, கையுறை போட்ட பிறகே பேட்டரிக்கு வரும் வரிசை வேண்டும். மாலையில் கடை மூடிய பிறகு.

அப்படி ஒரு கூடம் வந்தால், உஸ்தாத் அங்கே வெறுங்கையோடு நுழையப் போவதில்லை. ஸ்கேனர்கள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. மாட்டினால் திரையில் பி-0171 என்று ஒரு எண் வரும். பக்கத்தில் இருக்கும் இளவயது ஷாகிர்த் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வான்: கலவையில் காற்று அதிகம். ஸ்பார்க் பிளக்கின் வெளுத்த நுனி முப்பது வருடமாகச் சொல்லிவந்த அதே செய்தி. காற்று எந்த இடத்தில் கசிகிறது என்பதைத் திரை சொல்லாது. இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்டேக் குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாக ஸ்பிரே அடித்து, சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்க வேண்டும்.